விடை அச்சாகாத வினா: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடப் பள்ளிகளில் படைப்பாற்றல்

1. பொருளும் எல்லையும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம், மாத்தூர், படப்பை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரிப் பாசனமும் மானாவாரியுமாக இருந்த இந்த நிலம் இன்று நாட்டின் பெரிய உற்பத்தித் தடங்களில் ஒன்று. 1996இல் ஹூண்டாய் வந்தது. இரண்டே ஆண்டில் அதன் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு எனத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சிப்காட் தொழிற்பூங்காக்களின் மதில்களுக்குப் பின்புறம், பழைய ஊர்களுக்குள், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அந்தப் பள்ளிகளின் வகுப்பறையில் ஒரு பிள்ளை தானாக ஒன்றை யோசித்தால் அதற்கு இடம் உண்டா, உண்டென்றால் எந்த இடம் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஓவியப் போட்டி, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா ஆகியவற்றை வேண்டுமென்றே ஓரமாக வைக்கிறேன். அவை ஆண்டில் சில நாள் நடப்பவை. மற்ற நாட்களில், கணக்குப் பாடவேளையிலும் அறிவியல் பாடவேளையிலும் என்ன நடக்கிறது என்பதில்தான் அக்கறை.

வாதம் ஒன்றே. வகுப்பறையில் படைப்பாற்றல் வினாவைப் பொறுத்தது. முன்கூட்டியே விடை அச்சாகிவிட்ட வினாவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளியில், கற்பிக்கும் முறையை எத்தனை முறை மாற்றினாலும் பிள்ளையின் சொந்த யோசனைக்கு வேலையில்லை. தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று. அச்சாகாத வினாக்களை எழுப்ப இந்தத் தொழில்தடத்தைவிட வளமான இடம் கிடைப்பதும் அரிது.

2. எதைப் படைப்பாற்றல் என்கிறோம்

1950இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக ஜே. பி. கில்ஃபோர்டு ஆற்றிய உரையிலிருந்துதான் இத்துறை ஆய்வுகள் வேகம் பிடித்தன. ஒரே சரியான விடையை நோக்கிக் குவியும் சிந்தனை ஒன்று; ஒரு புள்ளியிலிருந்து பல திசைகளில் விரியும் சிந்தனை மற்றொன்று. இரண்டாவதை அளக்க அவர் வழியில் வந்த சோதனைகளில் புகழ்பெற்றது செங்கல் வினா: ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? எத்தனை விடை, எத்தனை வகை, எத்தனை அரிய விடை, எவ்வளவு விரிவு என்று மதிப்பெண் போடுவார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சூளை ஓரத்தில் வளரும் பிள்ளை இந்த வினாவுக்குத் தரும் விடைகள் கில்ஃபோர்டையே திகைக்க வைத்திருக்கும்.

நமக்கு இன்னும் பயன்படுவது மார்கரெட் போடன் 1990இல் செய்த பிரிவினை. உலகுக்கே புதியது வேறு. அந்த மனிதருக்குப் புதியது வேறு. ஏழாம் வகுப்புப் பிள்ளை முக்கோணத்தின் உறுதியைத் தானே கண்டுபிடித்தால், அது உலகுக்கு எத்தனை பழையதாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கண்டுபிடிப்புதான். பள்ளி வளர்க்க வேண்டியது இந்த இரண்டாம் வகையை. முதல் வகையை எதிர்பார்த்து ‘இளம் விஞ்ஞானி’களைத் தேடுவதால்தான் ஒரு வகுப்பின் நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள்.

பரிசைப் பற்றியும் ஒரு சொல். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதை விரும்பிச் செய்யும் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பட்டயம் தருவதாக முன்பே சொன்னார்கள், தரவும் செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பட்டயத்துக்காக வரைந்த குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. கேடயமும் சான்றிதழும் இல்லாமல் எதையும் ஊக்குவிக்க முடியாது என்று நம்பும் நம் ஊர் வழக்கத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு.

3. மனப்பாடத்தின் மேல் பழியைப் போடலாமா

படைப்பாற்றல் என்றதும் மனப்பாடத்தைத் திட்டுவது எளிது. திண்ணைப் பள்ளி வரலாறு அந்த எளிமைக்கு இடம் தருவதில்லை. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து ஆகிய வாய்பாடுகள் எல்லாம் வாய்விட்டுச் சொல்லி மனத்தில் ஏற்றப்பட்டவைதான். ஆனால் அந்த மனப்பாடம் நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், கூலி பிரிக்கவும், புதுப் புதுக் கணக்கை வாயாலேயே போடவும் பயன்பட்டது. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு, நினைவாற்றலை அப்பள்ளிகளில் ஒரு கற்றல் முறையாகவே காண்கிறார். சாதி வேலியும் பிரம்படியும் அந்தப் பள்ளிகளில் இருந்தன என்பதை மறந்து அவற்றைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அமைத்தார். 1797இல் அதைப் புத்தகமாக்கியதும் அது இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’யாகப் பரவியது. திண்ணைப் பள்ளியின் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனார் என்று சொல்லலாம். அங்கே தொழிற்புரட்சிக் கால நகரங்களில் குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கும் ஏற்பாடாக அது மாறியது. சக மாணவர் துணையோடு கற்றல் என்ற நல்ல விதை, கேட்கப்படும் வினா ஒற்றை விடை வினாவாகவே இருந்ததால், ஒப்பிக்கும் இயந்திரமாகிவிட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து அதே சென்னையில் இதே கதை வேறு உருவில் நடந்தது.

4. தமிழ்நாட்டின் இரு சோதனைகள்

4.1 செயல்வழிக் கற்றல்

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளி முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் அது விரிந்தது. 2007–08இல் தமிழ்நாட்டின் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், ஏறக்குறைய 37,500 பள்ளிகளுக்கு, கொண்டுசெல்லப்பட்டது. ஒரு மாநிலம் முழுவதும் இத்தனை வேகமாக வகுப்பறையின் உருவமே மாறியது இந்தியக் கல்வி வரலாற்றில் அரிது.

அந்த வகுப்பறையை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சு இல்லை, பாய். சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தட்டுகளில் அட்டைகள், அட்டைகளின் மேல் முயலும் அணிலும் போன்ற சின்னங்கள், சுவரில் கற்றல் ஏணி. தான் எந்த மைல்கல்லில் நிற்கிறோம் என்று பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துவந்து, ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் உதவி, தாமே கற்றல் என்று பிரிந்திருக்கும் குழுக்களில் தனக்குரியதில் போய் உட்காரும் பிள்ளை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகையைக்கூடத் தாமே குறித்துக்கொள்வார்கள்.

பயம் போயிற்று; இதை மறுக்க முடியாது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். ஆனால் அட்டையில் இருந்த வினா பெரும்பாலும் பழைய வினாதான். இணைக்க, நிரப்புக, வரிசைப்படுத்துக. பிள்ளை தன் வேகத்தில் போகலாம். தன் வழியில் போக முடியாது. ஏணியின் படிகள் முன்பே அடிக்கப்பட்டவை. கம்பிப் பந்தலில் தொங்கியவற்றிலும் நாளடைவில் ஒரே பூந்தொட்டி, ஒரே தேசியக் கொடி.

4.2 படைப்பாற்றல் கல்வி

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அதே 2007–08 காலத்தில் வந்த முறைக்கு அரசு வைத்த பெயரே ‘படைப்பாற்றல் கல்வி’. இன்றைக்கு நாற்பதைத் தொட்ட ஆசிரியர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு புன்னகை வரும். பாடத்தை அறிமுகம் செய்வது, பிள்ளைகள் தாமே வாசித்துப் புரியாத சொல்லை அடிக்கோடிடுவது, மனவரைபடம் வரைவது, குழுவில் தொகுப்பது, எழுந்து வழங்குவது, பிறகு எழுதுவது எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வந்து படிநிலைகள் நடக்கின்றனவா என்று பார்த்தார்கள்.

மனவரைபடம் நல்ல கருவி. ஒரு பாடத்தின் நடுவில் எது, அதிலிருந்து எது கிளைக்கிறது என்று முடிவெடுப்பது பிள்ளையின் வேலை. இருவர் வரைவது ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் சில ஆண்டுகளில் என்ன நடந்தது? பார்வையிட வருபவருக்குக் காட்ட ஏட்டில் வரைபடம் வேண்டும் என்றானது. ஆசிரியர் கரும்பலகையில் ஒன்றை வரைந்தார். நாற்பது பேர் அதைப் பார்த்து வரைந்தார்கள். கடையில் விற்கும் கைடுகளிலும் மனவரைபடம் அச்சாகி வந்தது. படைப்பாற்றலுக்கான கருவி, பார்த்தெழுதும் படமாயிற்று.

ஆசிரியர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிடக் கூடாது. தேர்வுத்தாளில் மனவரைபடத்துக்கு வேலை இல்லை. பாடநூலின் இறுதியில் உள்ள ‘புக் பேக்’ கேள்விகளுக்கே வேலை இருந்தது. பிள்ளையின் நலம் கருதும் எந்த ஆசிரியரும் தேர்வு கேட்பதைத்தான் சொல்லிக்கொடுப்பார்.

4.3 தேர்வு செய்த வேலை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா உண்டு. ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பார்த்துத் தோன்றுவதை எழுதச் சொல்லும் வினா. தாளில் இதைவிடத் திறந்த வினா வேறில்லை. வினாவை அமைத்தவர்களின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான சிறப்புக் கையேடுகளில் எந்தப் படம் வந்தாலும் பொருந்தக்கூடிய சில வரிகள் கொடுக்கப்படுகின்றன. படத்தில் மரம் இருந்தாலும், உழவர் இருந்தாலும், புத்தகம் வாசிக்கும் சிறுமி இருந்தாலும் அதே வரிகள். படத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கணக்கு ஆசிரியர்களின் பேச்சில் ‘கிரியேட்டிவ்’ கேள்வி என்றால் புத்தகத்தில் இல்லாத கணக்கு. தேர்வு முடிந்த மாலை அதைப் பற்றிப் புகார்தான் வரும்.

இந்தப் பழக்கத்தின் விலை ஒருமுறை வெளியே தெரிந்தது. உலக அளவிலான பிசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டன. 15 வயதுப் பிள்ளைகள், கேட்டிராத சூழலில் கற்றதைப் பயன்படுத்த வேண்டிய வினாக்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 இடங்களில் நம் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் இருந்தன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டாடிவந்த மாநிலம் அது. மொழிபெயர்ப்பு, பண்பாட்டுச் சூழல் என்று சொல்லப்பட்ட காரணங்களில் நியாயம் இல்லாமலில்லை. இருந்தாலும் அடுத்த சுற்றில் இந்தியா கலந்துகொள்ளாமல் விட்டதுதான் நாம் கொடுத்த பதில்.

5. மதிலுக்கு அந்தப் பக்கம்

இந்தத் தடத்தின் பெரிய முரண் இங்கே இருக்கிறது. பள்ளியில் பிள்ளையின் யோசனைக்கு இடமில்லை. அப்பாவோ அம்மாவோ வேலை செய்யும் தொழிற்சாலையில் யோசனைக்குப் படிவம் இருக்கிறது. டொயோட்டா 1951இல் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் பெயரிலேயே படைப்பாக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்த வழியில் வந்த, சிறுசிறு மேம்பாடு என்னும் ‘கைசன்’ இன்று வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளில் அன்றாடச் சொல். கைசன் ஷீட்டின் இடப்பக்கம் ‘முன்’, வலப்பக்கம் ‘பின்’. போல்ட் டப்பா இடக்கைப் பக்கம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டியிருந்தது; ஒரு சாய்வுத் தாங்கி அடித்து முன்னால் வைத்தோம்; இத்தனை விநாடி மிச்சம். கீழே யோசனை சொன்னவர் பெயர், மேற்பார்வையாளர் கையெழுத்து. அறிவிப்புப் பலகையில் படத்தோடு ஒட்டப்படும்.

ஐ.டி.ஐ. படித்த ஒருவரின் யோசனைக்குப் பெயர் போட்டு ஒட்டும் ஏற்பாடு, அவருடைய மகள் படிக்கும் பள்ளியில் இல்லை. பள்ளி இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்று: யோசனையை எழுத ஓர் இடம், அதை யாரோ வாசிப்பார்கள் என்ற உறுதி, அதன்மேல் பிள்ளையின் பெயர்.

அதற்கு மேல் போக வேண்டியதில்லை. கைசனின் படைப்பாற்றல் எல்லை கட்டியது. விநாடி மிச்சமானால் அது நல்ல யோசனை. இரவு ஷிப்ட் ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. பள்ளியில் அந்த வினாவுக்குக் கட்டம் இருந்தே ஆக வேண்டும். தொழில்துறைக்கு ‘புத்தாக்கம்’ தெரிந்த ஆள் வேண்டும், ஆகவே பள்ளியில் படைப்பாற்றலை வளர்ப்போம் என்ற வாதத்தை இப்பகுதி மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். 2023இல் ஒரகடம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தொழில் 4.0 மையம் திறக்கப்பட்டது. மாநிலத்தின் 71 அரசு நிலையங்களை ஏறத்தாழ ரூ. 2,877 கோடியில் மேம்படுத்தும் திட்டத்தின் பகுதி அது. வேலைக்கான பயிற்சியாக அது தேவையானதுதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையை அந்த மையத்துக்கான கச்சாப்பொருளாகப் பார்ப்பது வேறு. நோக்கியா ஆலை எட்டே ஆண்டில் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. ஒரு கம்பெனியின் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த திறமை, அந்தக் கம்பெனி போனால் யாருக்கும் பொருந்தாது.

6. லாரி ஆலையிலிருந்து தீக்குச்சிக்கு

பள்ளியின் வினாவை மாற்றி அமைத்துக் காட்டியவர்கள் இந்நாட்டிலேயே இருக்கிறார்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பாடநூலில் விடை இருக்காது; செய்துபார்க்க வேண்டிய சோதனையும், பார்த்ததைப் பற்றிய வினாவும் மட்டும் இருக்கும். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் அது விரிந்தது. 1982இல் ஏகலவ்யா நிறுவனம் பிறந்து அதை ஏற்று நடத்தியது. அவர்கள் செய்த காரியங்களில் மிக முக்கியமானது தேர்வை மாற்றியது. புத்தகத்தை எடுத்துக்கொண்டே தேர்வறைக்குப் போகலாம். தனியே செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடக்கூடிய வினாவைக் கேட்பதில் அர்த்தமே இல்லாமல் போயிற்று. ஆகவே ஆசிரியர்களும் வேறு வினா கேட்கப் பழகினார்கள். முப்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அது தானாக நோய்ப்பட்டுச் சாகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திட்டத்தில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனே டெல்கோவில், லாரி செய்யும் ஆலையில், வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் வந்தவர் அங்கே சந்தையில் கிடைத்த தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்து ஒரு கட்டமைப்பு விளையாட்டைச் செய்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. டைம்லரும் ராயல் என்ஃபீல்டும் நிற்கும் ஊருக்கு அவர் கதை தூரத்துக் கதை அன்று.

அதைச் செய்வது இவ்வளவுதான். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட வேண்டும். வால்டியூபை ஒரு விரற்கடைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. நான்கு குச்சியில் சதுரம். விரலால் ஓர் ஓரத்தைத் தள்ளினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். ஐந்து குச்சியில் ஐங்கோணம்; அது அழுத்தினால் படகாகும். மூன்று குச்சியில் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் அசையாது. இந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விதியைச் சொல்லிவிட்டால் வேலை கெட்டது. ‘சரியும் சதுரத்தைச் சரியாமல் நிறுத்த முடியுமா?’ என்று மட்டும் கேட்டு விட்டுவிட்டால், சற்று நேரத்தில் ஏதோ ஒரு பிள்ளை குறுக்கே ஒரு குச்சியைக் கொடுக்கும். அடுத்த வினா: நம் ஊரில் இந்தக் குறுக்குக் குச்சி எங்கெல்லாம் இருக்கிறது? சாரம், செல்போன் கோபுரம், தொழிற்சாலை ஷெட்டின் கூரைச் சட்டம், சைக்கிள் பார். பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியே பாடமாகிவிடும். ஒரு வகுப்புக்கு ஆகும் செலவு சில தீப்பெட்டியும் கொஞ்சம் வால்டியூபும்.

தமிழ்நாட்டில் இதே உணர்வோடு நீண்டகாலமாக இயங்கிவருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987 முதல் வரும் அதன் ‘துளிர்’ இதழும், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் அதன் உழைப்பும் தனிக்கட்டுரைக்கு உரியவை. பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றைத் தாமே எடுத்து, அளந்து, விசாரித்து எழுதுவது அம்மாநாட்டின் அடிப்படை.

7. இந்தத் தடத்தின் வினாக்கள்

கைடு அச்சிடுபவரால் முன்கூட்டி விடை எழுத முடியாத வினாவுக்கு ஒரு தன்மை உண்டு: விடை பிள்ளையின் தெருவிலும் வீட்டிலும் இருக்கும்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். காலை, மதியம், இரவு என மூன்று ஷிப்ட். வாரம் ஒருமுறை மாறும். ‘இந்த வாரம் உன் வீட்டில் இரவு ஷிப்ட் என்றால் பொங்கல் வாரத்தில் என்ன ஷிப்ட்?’ வகுப்பில் ஆளுக்கொரு விடை வரும். எல்லாமே சரியாக இருக்கலாம். மூன்றால் வகுத்து மீதி பார்க்கும் கணிதம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அடுத்து, ‘நாலு பேர் கொண்ட குழுவுக்கு யாரும் தொடர்ந்து இரண்டு வாரம் இரவில் போகாதபடி அட்டவணை போடு’ என்றால், அது உண்மையான வடிவமைப்புச் சிக்கல். வீட்டில் அப்பாவிடம் காட்டினால் அவர் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். அந்த உரையாடல் எந்த வீட்டுப்பாடத்தாலும் வராது. கம்பெனி வேலை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பேருந்து நேரம், பால் கறக்கும் நேரம், கடை திறக்கும் நேரம் இருக்கிறது.

சமூக அறிவியலுக்கு ஏரி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, எல்லா நீரும் போய்ச்சேரும் செம்பரம்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கம் என்ற பெயர் உலகறிந்தது. ‘உன் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, இப்போது எந்த வழியாக வருகிறது? பெரியவர்களைக் கேட்டு இரண்டு படம் வரை.’ வரத்துக்கால்வாயின் மேல் இன்று என்ன நிற்கிறது என்பது படத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

மொழிப்பாடத்தில் இந்தத் தடத்துக்குத் தனி வாய்ப்பு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பல வகுப்புகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் கடைசி வரிசையில், பேசாமல். மழைக்கு, சோற்றுக்கு, கோபத்துக்கு அவர்கள் வீட்டில் என்ன சொல் என்று கேட்டு வகுப்பே ஓர் அகராதி செய்தால், அந்த ஒரு பாடவேளையில் அறிந்தவர் இடத்தில் அந்தப் பிள்ளை நிற்கும்.

வினா கேட்பதோடு வேலை முடிவதில்லை. வரும் விடையை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. ‘கோடையில் ஏரி ஏன் வற்றியது?’ என்று கேட்கிறோம். ‘லாரிதான் சார் குடிச்சிடுச்சு’ என்று ஒரு பிள்ளை சொல்வதாக வைத்துக்கொள்வோம். வகுப்பு சிரிக்கும். ஆவியாதல் என்று எழுது, உட்கார் என்று சொல்லிவிடலாம். அல்லது, ‘ஒரு லாரி எவ்வளவு குடிக்கும்?’ என்று திருப்பிக் கேட்கலாம். தண்ணீர் லாரியின் பக்கவாட்டில் 12,000 லிட்டர் என்று எழுதியிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை லாரி, ஏரியின் கொள்ளளவு எவ்வளவு, வெயில் எவ்வளவு குடிக்கும்? ஒரு தட்டில் தண்ணீர் வைத்து வெயிலில் அளந்தால் கடைசி வினாவுக்கும் ஏறத்தாழ விடை வரும். லாரியைவிட வெயில் அதிகம் குடிக்கிறது என்று தெரியவரலாம், வராமலும் போகலாம். ஆசிரியருக்கே முன்கூட்டித் தெரியாத விடை என்பதுதான் இதன் சிறப்பு. கேள்வி கேட்கும் பிள்ளையை வகுப்பறை என்ன செய்கிறது என்பதை இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கதை தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் போதுமான அளவு சொல்லியிருக்கிறது.

இப்படிப்பட்ட விடைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்ற ஐயம் நியாயமானது. தெரேசா அமபைல் 1982இல் முன்வைத்த வழி எளிமையானது: துறை அறிந்த சிலர் தனித்தனியே, கலந்து பேசாமல், ஆக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தட்டும், அவர்களின் முடிவுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நம்மிடம், பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் தம் பிள்ளைகளின் ஏடுகளை மாற்றிக்கொண்டு ஒருமணி நேரம் வாசித்தாலே போதும்.

8. தடைகள்

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பைச் சமாளிப்பவரிடம் இதையெல்லாம் சொல்வது எளிது. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றவே அவருக்கு நேரம் போய்விடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு எண்ணும் எழுத்தும் தெரியாமல் மேல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்காக 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அடிப்படை வாசிப்பு இல்லாத பிள்ளையிடம் திறந்த வினா பயன்தராது என்று சொல்பவர்களும் உண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏரிப் படம் வரையவும் தீக்குச்சி மூட்டவும் சரளமாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசிக்க ஆசை வருவதற்கே அது ஒரு வழி.

பெற்றோரின் அச்சம் இன்னொன்று. கான்ட்ராக்ட் வேலையின் நிச்சயமின்மையைத் தினம் பார்ப்பவர்கள், பிள்ளைக்கு மதிப்பெண்ணாவது நிச்சயமாக இருக்கட்டும் என்று எண்ணுவதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்டர்வியூவில் மதிப்பெண் வாசல்வரைதான் கொண்டுபோகும் என்பதும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

கலைத் திருவிழா, வானவில் மன்றம், சிறார் திரைப்படம், ‘தேன்சிட்டு’ இதழ் என்று 2022 முதல் அரசு செய்தவை நல்லவை. அவற்றில், அறிவியல், கணிதச் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவரும் வானவில் மன்றம் வகுப்பறைக்கு மிக அருகில் வருகிறது. மற்றவை பாடவேளைக்கு வெளியே நிற்பவை. கணக்குப் பாடத்தின் வினாவை அவை தொடுவதில்லை.

9. செய்யக்கூடியது

பெரிய சீர்திருத்தம் எதையும் இக்கட்டுரை கோரவில்லை. 2017இல் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியபோதும், 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியபோதும் அரசு தேர்வின் பிடியைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வு வினாத்தாளில் படைப்பாக்க வினாவைக் கூட்டினால் கைடுகள் அடுத்த ஆண்டே அதற்கும் விடை அச்சடித்துவிடும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் பொதுத்தேர்வு அன்று; பள்ளிக்குள்ளேயே நடக்கும் மதிப்பீடு.

2012–13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் 60 மதிப்பெண் தொகுத்தறித் தேர்வுக்கு. 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40இல் 20, செயல்பாடுகளுக்கானது. என்ன செயல்பாடு என்பதை வகுப்பாசிரியரே முடிவு செய்யலாம். இந்த 20 மதிப்பெண்ணுக்குத்தான் இன்று பெரும்பாலும் படம் வெட்டி ஒட்டிய சார்ட்டும், இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்ட ஒப்படைப்பும் வருகின்றன. 6, 7 வகுப்புகளில் இந்த இடம் இன்னும் ஆசிரியர் கையில் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் அந்தச் செயல்பாடுகளில் ஒன்றே ஒன்றையாவது உங்கள் ஊரின் வினாவாக வையுங்கள். வரும் விடைகளைக் குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.